தவிப்பின் முகவரி

(வெண்ணந்தூரில் டிசம்பர் 6 நினைவு நாளில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





டிசம்பர் 6 அன்று நாம் வழக்கமாகப் பேசுவது அரசியல் சட்டம், இட ஒதுக்கீடு, வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம். இவற்றைப் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் இன்று பாபாசாகேப் வாழ்க்கையிலிருந்து வேறொன்றை எடுத்துப் பேச விரும்புகிறேன். அவர் கடைசி வரை தவித்துக்கொண்டிருந்த மனிதர். அந்தத் தவிப்பை அவர் என்ன செய்தார் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஏன் இதை எடுத்தேன் என்றால், நம் தெருக்களில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. “பையன் ஒரு நிலையில இல்லீங்க.” பெண் பிள்ளையாக இருந்தால், “எதுலயும் மனசு ஒட்ட மாட்டேங்குது அவளுக்கு.” பட்டப்படிப்பு முடித்திருப்பான். விசைத்தறிக்குப் போவான், பிடிக்காது. திருப்பூருக்குப் போவான், ஆறு மாதத்தில் திரும்பி வருவான். போர் வண்டியில் ஏறி வடநாட்டுக்குப் போவான், அங்கேயும் இருக்க மாட்டான். சேகோ மில்லில் நிற்பான். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். கேட்டால், “நான் மாறணும், ஆனா எப்படின்னு தெரியல” என்பான்.

அவனுக்குக் கிடைக்கிற ஆலோசனைகளும் நமக்குத் தெரியும். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வை, சரியாகிவிடும். மலைக்கு மாலை போடச் சொல். தியான வகுப்பில் சேர்த்துவிடு. இப்போது புதிதாக, கைபேசியில் ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறிவிடும் என்கிறார். எல்லா ஆலோசனைக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: கோளாறு உன் மனசில் இருக்கிறது, அதைச் சரி செய்துகொள், அமைதியாக இரு.

இந்த ‘அமைதி’ என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம்.

அமைதியான ஊர்

“எங்க ஊரு அமைதியான ஊருங்க. சாதிப் பிரச்சினையெல்லாம் இங்க கிடையாது.” இதை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்? சொல்கிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அமைதியாகத்தான் இருக்கிறது. ஒருவர் டீக்கடைக்கு வெளியே நின்று குடித்துவிட்டுப் பேசாமல் போகிற வரைக்கும் ஊர் அமைதி. கோயில் வாசலோடு கும்பிட்டுத் திரும்புகிற வரைக்கும் அமைதி. ஐம்பது வயதுக்காரரைப் பதினைந்து வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவதும், அவர் “சொல்லுங்க சாமி” என்பதும் தொடர்கிற வரைக்கும் அமைதி.

ஒருநாள் யாரோ ஒருவர், “ஏன்?” என்று கேட்கிறார். உடனே வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடக்கிறது. பெயரைக் கவனியுங்கள். நீதிப் பேச்சுவார்த்தை அல்ல, உரிமைப் பேச்சுவார்த்தை அல்ல. சுடுகாட்டுப் பாதையோ, கொடிக்கம்பமோ, தேர் தெருவுக்குள் வருவதோ, எதுவாக இருந்தாலும் கேட்டவர்தான் அமைதியைக் குலைத்தவர். “கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க” என்று சொல்லி அனுப்புவார்கள்.

ஆகவே நம் பிள்ளை ஒரு நிலையில் இல்லை என்று சொல்லும்போது, அந்த ‘நிலை’ எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவனுக்கு ஒதுக்கி வைத்திருந்த நிலையில் அவன் இல்லை. அது உண்மைதான். அதில் நல்லதும் இருக்கிறது.

சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1959இல் எழுதிய புத்தகத்தில் இதை எளிமையாக விளக்குகிறார். ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால், அது அவருடைய சொந்தத் தொல்லை. அவருடைய குணம், திறமை, வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், அது சமூகத்தின் பிரச்சினை. அதற்கான விடையை ஒரு மனிதனின் குணத்துக்குள் தேட முடியாது. சமூகவியல் படிக்கிற மாணவர்கள் இதைத் தேர்வுக்காகப் படித்திருப்பீர்கள். நம் தெருவில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரே தெருவில் பதினைந்து பிள்ளைகள் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள் என்றால், பதினைந்து மனசும் ஒரே நேரத்தில் கெட்டுப்போய்விட்டதா?

இங்கே எல்லாருக்கும் தறி தெரியும். ஊடை நூல் அறுந்தால் விசைத்தறி நின்றுவிடும். நின்றதற்காகத் தறியை யாரும் திட்டுவதில்லை. எங்கே அறுந்தது என்று பார்க்கிறோம். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்தான் துணி பாழ். தவிப்பும் அப்படித்தான். எங்கேயோ அறுந்திருக்கிறது என்று காட்டுகிறது. தவிப்புக்கு ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பரோடாவின் ஐந்து மணி நேரம்

1917. அம்பேத்கருக்கு இருபத்தாறு வயது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனிலும் படிப்பைத் தொடங்கிவிட்டு, பரோடா அரசரிடம் வாங்கிய உதவித்தொகைக்காக அங்கே வேலைக்கு வருகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்குகிறார். பதினோராம் நாள் காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. சாயங்காலத்துக்குள் காலி செய் என்கிறார்கள். ஒரு இந்து நண்பரிடம் கேட்கிறார். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் கேட்கிறார். மனைவி ஊரிலிருந்து வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார் அவர். பம்பாய் ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தையும் ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்து கழிக்கிறார்.

பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த நாளைக் கண்ணீர் இல்லாமல் நினைக்க முடியவில்லை என்று ஒரு நினைவுக் குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு பெரிய மனிதர், பதினெட்டு ஆண்டு கழித்தும் அழுதார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வலிமையானவனுக்கு வலிக்காது என்பது சினிமாவில் வருவது.

அந்தப் பூங்காவில் உட்கார்ந்திருந்தவருக்கு மூன்று வழிகள் இருந்தன. நம்மிடம்தான் ஏதோ குறை என்று நினைத்திருக்கலாம். படித்த மேல்நாட்டுக்கே திரும்பிப் போய் மறந்திருக்கலாம். அல்லது அந்த அவமானத்தை ஒரு கேள்வியாக்கியிருக்கலாம். அவர் மூன்றாவதைச் செய்தார். என்னை ஏன் இப்படி நடத்தினார்கள் என்ற கேள்வியை, சாதி எப்படி இயங்குகிறது என்ற கேள்வியாக மாற்றினார். இந்துவும் பார்சியும் கிறிஸ்தவரும் தங்களுக்குள் எவ்வளவு வேறுபட்டிருந்தாலும் இவர் விஷயத்தில் எப்படி ஒன்றானார்கள் என்று ஆராய்ந்தார். தன் வலிக்கு முகவரி கண்டுபிடித்தார்.

மகத்தின் இரண்டு தீர்மானங்கள்

அடுத்த கேள்வி கடினமானது. முகவரி வெளியே மட்டும்தான் இருக்கிறதா? நம்மிடம் மாற வேண்டியது எதுவும் இல்லையா?

இதைக் கேட்டாலே நமக்குள் ஒரு கூச்சமும் கோபமும் வரும். நியாயமான கோபம்தான். ஏனென்றால் நூற்றாண்டுகளாக ஊர் நம்மிடம் சொல்லி வந்தது இதைத்தான்: “நீங்க குடியை விடுங்க, சுத்தமா இருங்க, படிங்க, அப்புறம் பார்ப்போம்.” குறைகளைத் திருத்திக்கொண்டு வா, உரிமை தருகிறேன் என்பது. திருத்திக்கொண்டு போனவனுக்கும் தரவில்லை என்பதற்குப் பரோடாவே சாட்சி. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்தவருக்குத் தடிதான் கிடைத்தது.

இதற்கு எதிர்வினையாக நமக்குள் இன்னொரு குரல் எழுகிறது. “முதலில் விடுதலை. அதுவரைக்கும் நம் குறைகளை வெளியே பேசாதே. எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே.” இயக்கங்களுக்குள் இருக்கும் பெண்கள் இந்தக் குரலை நன்றாகவே அறிவார்கள்.

இந்த இரண்டு குரலுக்கும் பாபாசாகேப் 1927 மார்ச்சிலேயே பதில் சொல்லியிருக்கிறார். மகத் மாநாடு. சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தது நமக்குத் தெரியும். பொதுக் குளங்களைத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923லேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகத் நகராட்சி 1924இல் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தும் விட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் யாரும் இறங்க முடியவில்லை. மார்ச் 20 அன்று ஊர்வலமாகப் போய்க் குடித்தார்கள். கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி கிளப்பி, திரும்பிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள்.

நாம் குறைவாகப் பேசுவது, அதே மாநாட்டில் நடந்த இன்னொன்று. செத்த மாட்டின் இறைச்சியை இனி உண்பதில்லை, வீடு வீடாகப் போய் மிச்சச் சோறு வாங்குவதில்லை என்றும் அங்கே முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், மனுஸ்மிருதியை எரித்த அதே மகத்தில், பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதியைக் காட்டிக்கொடுக்கிற உடையையும் நகையையும் விட்டுவிடச் சொன்னார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மாட்டிறைச்சி தின்பது இழிவு என்று மேல்சாதி சொல்வது வேறு, மகத்தில் எடுத்த முடிவு வேறு. செத்த மாடும் மிச்சச் சோறும் உணவுப் பழக்கம் மட்டுமல்ல. இதுதான் உன் கூலி என்று ஊர் எழுதி வைத்த உறவு அது. அதை விடுவது என்றால் அந்த உறவை முறிப்பது. எம்.என். சீனிவாஸ் ‘சமஸ்கிருதமயமாதல்’ என்று பெயரிட்டது மேலே இருப்பவனைப் போல ஆக முயல்வதை. மகத்தில் நடந்தது மேல் கீழ் என்ற ஏணியையே விட்டு இறங்குவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். யாருக்காக மாறுகிறோம் என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

முக்கியமானது இது: திருந்திய பிறகு குளத்துக்குப் போகலாம் என்று அவர் சொல்லவில்லை. குளத்தைப் பிடித்த பிறகு திருந்தலாம் என்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மாநாட்டில், ஒரே மக்களால் நடந்தன. குறையுள்ள மனிதருக்கும் தண்ணீர் மீது முழு உரிமை உண்டு. முழு உரிமை உள்ள மனிதருக்கும் திருத்திக்கொள்ள வேண்டிய குறை உண்டு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட முடியாது.

இருபத்தோரு ஆண்டு

மாற்றம் என்றதும் நம் பிள்ளைகள் ஓர் இரவில் நடப்பதாக நினைக்கிறார்கள். ஜனவரி முதல் தேதியிலிருந்து வேறு ஆளாகிவிட வேண்டும் என்று. பத்து நாளில் பழையபடி ஆனதும், நான் உருப்பட மாட்டேன் என்று படுத்துக்கொள்கிறார்கள்.

இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்ற பொருளில் பாபாசாகேப் இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபர் 13. நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இடையில் இருபத்தோரு ஆண்டும் ஒரு நாளும். இந்த இடைவெளியை நாம் சட்டென்று தாண்டிப் போய்விடுகிறோம். முடிவெடுத்த மனிதர் ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்?

இயோலாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் ரமாபாய் இறந்திருந்தார். பிறந்த குழந்தைகளில் நான்கு பேரை ஏற்கெனவே பறிகொடுத்திருந்தார். இந்த நிலையில் எடுத்த முடிவை உணர்ச்சிவசப்பட்டு எடுத்த முடிவு என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் 1936 மே மாதம் பம்பாயில் தம் மக்களைக் கூட்டி, மதம் மாறுவது ஏன் என்று நீண்ட உரை நிகழ்த்தி, அவர்களிடமே விவாதத்துக்கு வைக்கிறார். பல சமயத் தலைவர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். சீக்கியத்தைப் பரிசீலிக்கிறார். பிறகு பௌத்தத்தை ஆண்டுக்கணக்காகப் படிக்கிறார். 1950இல் இலங்கைக்குப் போகிறார், 1954இல் பர்மாவுக்குப் போகிறார். நடுவில் கட்சி தொடங்குகிறார், தேர்தலில் தோற்கிறார், அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்கிறார், இந்துச் சட்ட மசோதா நிறைவேறாததால் 1951இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியே வருகிறார். சர்க்கரை நோய் உடம்பைத் தின்கிறது.

இருபத்தோரு ஆண்டும் அவர் அமைதியாக இருக்கவில்லை, பதறவும் இல்லை. தவிப்புக்கும் பதற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பதற்றம் இன்றே எதையாவது செய் என்று விரட்டும். தவிப்பு, சரியானதைச் செய்யும் வரை ஓயாதே என்று பிடித்து நிறுத்தும்.

நாக்பூரில் அவர் வைத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளைப் பாருங்கள். பழைய கடவுள்களை வணங்க மாட்டேன், சடங்குகளைச் செய்ய மாட்டேன் என்பவை இருக்கின்றன. மனிதர் எல்லாரும் சமம், சமத்துவத்துக்கு உழைப்பேன் என்பவை இருக்கின்றன. அவற்றோடு, திருட மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், தகாத காமம் கொள்ள மாட்டேன், மது அருந்த மாட்டேன் என்பவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. மகத்தில் பார்த்த அதே கணக்கு. அதன்பின் ஏழெட்டு வாரம்தான் உயிரோடு இருந்தார்.

அவர் இறந்த பிறகு 1957இல் வெளிவந்த புத்தரைப் பற்றிய நூலில் இன்னொரு முக்கியமான மாற்றம் செய்திருக்கிறார். மூப்பையும் நோயையும் பிணத்தையும் முதல்முறையாகப் பார்த்து மனம் வெறுத்துச் சித்தார்த்தர் வீட்டை விட்டுப் போனார் என்ற வழக்கமான கதையை அவர் ஏற்கவில்லை. இருபத்தொன்பது வயது வரை ஒருவர் இவற்றையெல்லாம் பார்க்காமலா இருந்திருப்பார் என்று கேட்கிறார். அதற்குப் பதில், ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் சாக்கியர்களும் கோலியர்களும் மோதிக்கொண்டதையும், போர் தொடுக்கச் சங்கம் எடுத்த முடிவைச் சித்தார்த்தர் எதிர்த்து நின்று தோற்றதையும், அதனால் நாட்டை விட்டு வெளியேறியதையும் முன்வைக்கிறார். புத்தரின் தவிப்புக்கே ஒரு முகவரி இருந்தது என்கிறார்: தண்ணீர்ச் சண்டை. சொந்த மக்கள் செய்யும் தவறு.

தமிழ் மண்ணில் இதற்கு முன்னோடி பண்டிதர் அயோத்திதாசர். இளமையில் நீலகிரியில் அத்வைத சபை நடத்தியவர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் நம் மக்களுக்குக் கோயில் நுழைவு கேட்டு மறுக்கப்பட்டவர். 1898இல் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, 1914இல் இறக்கும் வரை எழுதினார். ஒரு நம்பிக்கையில் கேள்வி எழுந்ததும் அடுத்த இடம் தேடிப் போகத் தயங்காத மனிதர். ஒரு நிலையில் இல்லாதவர் என்று அவரையும் அந்தக் காலத்தில் யாரேனும் சொல்லியிருக்கக்கூடும்.

கோபம் எங்கே போகிறது

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

சாதியைப் படிநிலைப்படுத்திய சமத்துவமின்மை என்றார் பாபாசாகேப். மேலே போகப் போக மரியாதை, கீழே வர வர இழிவு. இந்த அமைப்பின் தந்திரம், மிதிபடுகிறவனுக்கும் மிதிக்க ஒரு படி கொடுத்திருப்பது. மேலே காட்ட முடியாத கோபத்தைக் கீழே காட்டலாம். பிரான்ஸ் ஃபனான் 1961இல் அல்ஜீரியாவை வைத்து எழுதியதும் இதேதான்: ஆளப்படுகிறவனின் வன்முறை முதலில் சொந்த மக்கள் மீதுதான் பாய்கிறது.

நம் மாவட்டத்தில் பறையர், பள்ளர், அருந்ததியர் என்று மூன்று பேருமே ஊருக்கு வெளியேதான். ஆனாலும் நமக்குள் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது, யார் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பது என்று கேட்டால் பதில் என்ன? 2009இல் பட்டியல் சாதிகளின் 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, இப்படி உள் வகைப்பாடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதை ஒட்டி நடந்த விவாதத்தில் கொள்கை வேறுபாடுகள் இருந்தன, இருக்கட்டும். ஆனால் அதில் வெளிப்பட்ட ஏளனம் எங்கிருந்து வந்தது? “அவங்களுக்கு எதுக்கு?” என்ற அந்தத் தொனியை நாம் வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறோம். அது நம் வாயில் வரும்போது அடையாளம் தெரிய வேண்டும்.

இரண்டாவது முகவரி, வீட்டில் இருக்கும் பெண். வெளியே தலைகுனிந்து நின்றவர் வீட்டுக்குள் வந்ததும் கை ஓங்குகிறார். இதை நம் இலக்கியம் பேசியிருக்கிறது. ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. தங்கம் என்ற பெண்ணை மேல்சாதியினர் அடித்துப் போடுகிறார்கள். அவள் காத்தமுத்து என்ற தலித் தலைவரின் வீட்டுக்கு வருகிறாள். அவர் துணிந்து நிற்கிறார், வழக்கு நடத்துகிறார், இழப்பீடு வாங்கித் தருகிறார். ஏற்கெனவே இரண்டு மனைவியர் உள்ள அவர், கடைசியில் தங்கத்தையும் தனக்கு ஆக்கிக்கொள்கிறார். இதையெல்லாம் அவர் மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நம் தலைவரை நாமே இப்படிக் காட்டலாமா என்று அந்த நாவல் மீது விமர்சனம் வந்தது. சிவகாமி என்ன செய்தார்? 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நாவலை எழுதினார். தன் முதல் நாவலையே எடுத்து வைத்து, அதை எழுதியவரையும் கேள்வி கேட்டார். தலைவரை விசாரித்த பேனா, எழுதியவரையும் விசாரித்தது. தன்னை விசாரணைக்கு வெளியே நிறுத்திக்கொள்ளாத இந்த நேர்மையை நாம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. ராஜ் கௌதமன் ‘சிலுவைராஜ் சரித்திர’த்தில் தன் வாழ்வின் அபத்தங்களைச் சிரிப்போடு எழுதியதும் அதே நேர்மைதான். தலித் நாயகன் குறையே இல்லாத தியாகியாக இருக்க வேண்டியதில்லை என்று அவர்கள் நமக்குக் காட்டினார்கள். குறையோடு இருப்பதும் மனிதனுக்குள்ள உரிமைதான். அந்தக் குறையைக் கேள்வி கேட்கும் உரிமை, அதனால் அடிபட்டவருக்கு உண்டு.

நம் பக்கத்து மலை

இதைச் சொல்லும்போது திருச்செங்கோட்டைப் பேசாமல் போக முடியாது. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலை. 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதியைச் சேர்ந்த தோழியோடு அந்தக் கோயிலில் இருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் அவர் உடல் கிடந்தது.

கொன்றவர்களுக்கும் ஒரு தவிப்பு இருந்தது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தே பதறுகிற மனம் அது. மாற்றம் வந்துவிடுமோ என்ற பதற்றம். நம் தவிப்பு மாற்றம் வரவில்லையே என்பது. முன்னது ஆள் கடத்தும், பின்னது என்ன செய்யும்?

இந்த வழக்கிலேயே அதற்கும் விடை இருக்கிறது. மகனைப் பறிகொடுத்த தாய் ஓயவில்லை. சாட்சிகள் பிறழ்ந்தார்கள். விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு சாட்சி சொன்னது. 2022 மார்ச்சில் பத்துப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. ஏழெட்டு ஆண்டுகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்து ஏறிப் போய், காத்திருந்து திரும்பும் தவிப்பு அது. அந்தத் தாயிடம் யாராவது போய், மனசை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால், அவர் கேட்டும் இருந்தால், தீர்ப்பு வந்திருக்காது.

என்ன செய்வது

மாணவர்களே, ஆலோசனை சொல்லும் கோட்டுப் போட்டவர்களை மேலே கிண்டல் செய்துவிட்டேன். ஆகவே நானும் ஐந்து மணிக்கு எழுந்திருங்கள் என்று சொல்லப் போவதில்லை. மூன்று விஷயங்களை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, தனியாகத் தவிக்காதீர்கள். கைபேசி வெளிச்சத்தில் படுத்திருக்கும் அந்த ரெண்டு மணிக்கு, பக்கத்துத் தெருவிலும் ஒருவர் அதே போல விழித்திருக்கிறார். தவிப்பைச் சேர்ந்து உட்கார்ந்து பேசினால், சொந்தத் தொல்லை என்று நினைத்ததில் எவ்வளவு பொதுப் பிரச்சினை என்று தெரியவரும். மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவுக்கு மனம் சோர்ந்திருந்தால் பாருங்கள்; அதில் வெட்கம் எதுவுமில்லை. மருந்து உடம்பைத் தேற்றும். முகவரியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் கோபம் யார் மீது போகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மேலாளரிடம் பட்ட அவமானம் தங்கை மீதோ, மனைவி மீதோ, நம்மைவிட எளிய சாதிக்காரர் மீதோ இறங்குகிறது என்றால், அந்தக் கோபம் தவறான முகவரிக்குப் போகிறது. நம் அமைப்புகளிலும் இதைக் கேளுங்கள். இன்று இந்த அரங்கில் பெண்கள் எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் டீ கொடுத்தார்கள்? அருந்ததியர் தோழர்கள் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கிறார்கள்? கேட்டால் அமைப்பு உடைந்துவிடாது. கேட்காவிட்டால் நாமும் ‘அமைதியான ஊர்’ ஆகிவிடுவோம்.

மூன்றாவது, காலத்தைக் கணக்கில் வையுங்கள். சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தது 1927. குளம் பொதுவானது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1937. இயோலாவுக்கும் நாக்பூருக்கும் இருபத்தோரு ஆண்டு. ஒரு மாதத்தில் நீங்கள் மாறவில்லை என்பதால் நீங்கள் தோற்றவர் அல்ல. மாற வேண்டும் என்பதை மறந்தால்தான் தோல்வி.

குறையோடு பிறந்து, குறையோடு வளர்ந்து, அவமானப்பட்டு, அழுது, படித்து, தோற்று, மீண்டும் எழுந்த ஒரு மனிதரை இன்று நினைவுகூர்கிறோம். அவர் சிலை நம் ஊர்களில் ஒரு விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சில ஊர்களில் அதற்குக் கம்பிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். அமைதிக்காக என்கிறார்கள். தவிக்கும் மனிதரைக் கூண்டுக்குள் வைத்தால் ஊர் அமைதியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நாம் தர வேண்டிய பதில், இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் ஓயாத மனம்தான்.